எக்ஸ்ரே நார்மல், ஆள் நடக்குறாரு, ஆனா கை வரல: கழுத்துத் தண்டுவடமா இருக்குமா?

தம்பி, நீங்க சிங்கப்பூர்ல இருந்து கேட்ருக்கீங்க. தேவகோட்டைல உங்க அப்பச்சி, அதாவது அப்பா, வயசு 71, 9 நாளைக்கு முன்னாடி மழைல நனைஞ்ச வளவு (வீட்டு நடு முற்றம்) ஓரத்துல வழுக்கி முகம் குப்புற விழுந்திருக்காரு, தாடைல 4 தையல். மறுநாள்லருந்து ரெண்டு கையும் எரியுது, சோத்தைப் பிசைய முடியல, சட்டை பட்டன் போட வரல, ஆனா எந்திரிச்சு நடக்குறாரு. கழுத்து எக்ஸ்ரே எடுத்ததுல எலும்பு முறிவு இல்லைன்னுட்டாங்க. ஒருத்தர் பக்கவாதம்ங்கிறார், ஒருத்தர் சுகர் நரம்புங்கிறார், பக்கத்து வீட்டு ஆச்சி சுளுக்கு எடுத்தா சரியாப் போயிரும்ங்கிறாங்க. இதுல எதுன்னு நீங்க கேட்ருக்கீங்க, ஆனா ரெண்டு தடவை படிச்சுப் பாத்தப்ப நீங்க கேக்கவே விட்டுட்ட கேள்வி ஒண்ணு தெரியுது. எலும்பு உடையாம, கால் நல்லா நடக்கும்போதே, கழுத்துக்குள்ள தண்டுவடத்துல அடி பட்டிருக்குமா? பட்டிருக்கலாம். உங்க அப்பச்சிக்கு அதுதான்னு நான் இங்கருந்து சொல்ல முடியாது, ஆனா அது இல்லைன்னு ஒரு எம்.ஆர்.ஐ. சொல்ற வரைக்கும் அதுதான்னு நெனச்சே நடந்துக்கணும். இதை நாள் கணக்குல தள்ளாதீங்க.

என்னைப் பத்தி ஒரு வரி. நான் டாக்டர் இல்ல, பிசியோதெரபிஸ்ட், காரைக்குடில 27 வருஷமா இதே வேலை. ஆபரேஷன் வேணுமா வேணாமான்னு முடிவு பண்றது என் கைல இல்ல. ஆனா கை வரலைன்னு வர்றவங்க கையைப் புடிச்சுப் பாக்குறதுதான் என் பொழப்பு, அதனால இந்த விஷயத்துல கொஞ்சம் நீளமாவே பேசுவேன், பொறுத்துக்கங்க.

முதல்ல எலும்பு முறியாம எப்படி அடி படும்ங்கிறது. கழுத்துல 7 எலும்பு, அதுக்கு நடுவுல இருக்குற குழாய்ல சுண்டுவிரல் தடிமன்ல தண்டுவடம் எறங்குது. அந்தக் குழாய் முன்பின்னா சுமாரா 17 மில்லிமீட்டர் இருந்தா நல்ல இடம், 13க்குக் கீழ போனா குறுகல்னு சொல்வாங்க. வயசாக ஆக, எலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்குற டிஸ்க் பின்பக்கமா குழாய்க்குள்ள புடைக்கும், எலும்பு ஓரத்துல முள்ளு மாதிரி வளரும், பின்னாடி இருக்குற ஜவ்வு தடிச்சுப் போகும், எல்லாம் சேந்து இடம் சுருங்கிரும். 60 தாண்டினவங்க நெறைய பேருக்கு இந்தத் தேய்மானம் உண்டு, அதுல பல பேருக்கு அது இருக்கறதே தெரியாது. இப்ப குப்புற விழுந்து தாடை தரைல மோதுச்சுன்னா தலை படக்குன்னு பின்னாடி மடங்கும். அந்த ஒரு நொடில பின்னாடி இருக்குற ஜவ்வு சுருண்டு உள்ள தள்ளுது, முன்னாடி எலும்பு முள்ளு, நடுவுல தண்டுவடம் பாக்குவெட்டில சிக்குன மாதிரி நசுங்குது. தலை நேரானதும் எல்லாம் பழைய எடத்துக்கு வந்துரும். எக்ஸ்ரேல என்ன தெரியும்? எலும்பு அப்படியே இருக்கும், நல்ல தேய்மானம் தெரியும், அதை வயசுக்கு உண்டானதுன்னு எழுதிக் குடுத்துருவாங்க. எக்ஸ்ரேல தண்டுவடமே தெரியாதுங்கிறதுதான் விஷயம்.

இப்படி நசுங்கும்போது பெரும்பாலும் தண்டுவடத்தோட நடுப்பகுதிதான் அதிகமா அடி வாங்கும். இதை சென்ட்ரல் கார்டு சிண்ட்ரோம்னு 1954ல ஷ்னைடர்ங்கிற டாக்டரும் அவரோட இருந்தவங்களும் எழுதினாங்க. அடையாளம் என்னன்னா காலை விட கை மோசமா இருக்கும், கையிலயும் தோளை விட விரல் மோசமா இருக்கும், கூடவே உள்ளங்கைல தாங்க முடியாத எரிச்சல், சிலருக்கு போர்வை பட்டாலே துடிப்பாங்க. சிலருக்கு மூத்திரம் கட்டிக்கும். கால்ல பலம் இருக்குறதால ஆள் நடந்தே ஆஸ்பத்திரிக்கு வருவாரு, நடந்து வர்றவருக்குத் தண்டுவடத்துல அடின்னு யாருக்கும் தோணாது. நீங்க எழுதின வயசு, விழுந்த விதம், தாடைத் தையல், ரெண்டு கை எரிச்சல், பிசைய முடியாத விரல், எல்லாம் வரிசையா இதுக்குப் பொருந்துது, அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன். கழுத்து வலி இல்லையேன்னு கேப்பீங்க, வலி கம்மியா இருந்தும் தண்டுவடம் நசுங்கியிருந்தவங்களைப் பாத்திருக்கேன். அடிபட்டவங்கள்ல யாருக்குக் கழுத்தைப் படம் (எக்ஸ்ரேயோ ஸ்கேனோ) எடுக்கணும்னு 2001ல கனடால ஒரு விதிமுறை போட்டாங்க, இன்னைக்கும் புழக்கத்துல இருக்கு. அதுல 65 வயசு ஆனா படம் எடு, அடிபட்டப்புறம் கை கால்ல குறுகுறுப்பு மதமதப்பு வந்தா படம் எடுன்னு இருக்கு. அப்பச்சிக்கு ரெண்டுமே இருக்கு.

நடுவுல ஒரு வார்த்தை, நம்ம ஊரு வீடுகளைப் பத்தி. ஆத்தங்குடி கல்லு கண்ணாடி மேல வார்த்து எடுக்குறது, அந்தப் பளபளப்புதான் அதுக்கு அழகு, ஈரம் பட்டா அதுதான் எமனும். மழை பெஞ்சா வளவைச் சுத்தி எல்லாம் சாரல், அதுல வேட்டி தடுக்கி விழுந்த அய்யாமாரையும், பாத்திரம் தேய்ச்ச தண்ணில வழுக்கின ஆச்சிமாரையும் வருஷா வருஷம் பாக்குறேன். இடுப்பு ஒடஞ்சா எல்லாரும் பதறுவாங்க, தாடைல அடின்னா தையலைப் போட்டுட்டு வீட்டுக்கு அனுப்பிருவாங்க.

சரி, பக்கவாதமான்னு எப்படிப் பாக்குறது. பக்கவாதம் பெரும்பாலும் ஒரு பக்கம் வரும், வாய் கோணும், பேச்சு குழறும். தண்டுவடம் கழுத்துக்குக் கீழ இருக்கறதை மட்டும்தான் புடிக்கும், முகத்தையும் பேச்சையும் தொடாது. ரெண்டு கையும் ஒரே நேரத்துல போயி, முகம் சரியா, பேச்சு தெளிவா இருந்தா மூளையை விடக் கழுத்து மேலதான் முதல் சந்தேகம் வரணும். ஆனா இதை சூத்திரம் மாதிரி புடிச்சுக்காதீங்க, தண்டுவடத்துல ஒரு பக்கம் மட்டும் நசுங்கினா ஒரு பக்கக் கை கால் மட்டும் விழும், பாக்க அப்படியே பக்கவாதம் மாதிரி இருக்கும். அதுல அடுத்த பக்கம், அடிபட்ட எடத்துக்குக் கொஞ்சம் கீழருந்து சூடு, குளிர்ச்சி, ஊசி குத்துற வலி தெரியாம இருக்கும், இதைப் பிரௌன் செகார்ட்னு சொல்வோம், சோதிச்சுப் பாத்தாத்தான் தெரியும். கழுத்துக்குள்ள ரத்தம் கட்டினாலும் இப்படி ஒரு பக்கமா வரலாம், அதைப் பக்கவாதம்னு நெனச்சு ரத்தக்கட்டி கரைக்கிற ஊசி போட்டா நெலமை இன்னும் மோசமாயிரும். அதனால எங்க போனாலும் விழுந்த கதையை முதல் வாக்கியமா சொல்லுங்க.

சுகர் நரம்புங்கிறது வேற ஆளு. அது கால் விரல்ல ஆரம்பிச்சு சாக்ஸ் போட்ட மாதிரி மேல ஏறும், வருஷக்கணக்குல மெல்ல வரும், கைக்கு வரும்போது முழங்கால் வரைக்கும் மரத்திருக்கும். விழுந்த மறுநாள் திடீர்னு ரெண்டு உள்ளங்கையும் பத்திக்கிட்டு எரிய சுகருக்கு வழியே இல்ல, அவருக்கு 20 வருஷமா சுகர் இருந்தாலும் சரி. அப்புறம் ஜி.பி.எஸ்.னு (குல்லன் பாரே சிண்ட்ரோம், உடம்போட எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்குறது) ஒண்ணு இருக்கு, அது கால்லருந்து மேல ஏறும், சுத்தியலால தட்டுனா ரிஃப்ளெக்ஸ் வராது. தண்டுவடம் நசுங்கினா நாள்பட அதுக்குக் கீழ ரிஃப்ளெக்ஸ் கூடும், முட்டில லேசாத் தட்டினாலே கால் எகிறும். இதுல ஒரு சிக்கலும் இருக்கு, பெரிய அடி பட்ட புதுசுல சில நாள், சில சமயம் சில வாரம், தண்டுவடம் அதிர்ச்சில அடங்கிப் போயிருக்கும், அப்ப ரிஃப்ளெக்ஸே வராது, அதை வச்சு தண்டுவடம் இல்லைன்னு சொல்லிரக் கூடாது. வைட்டமின் பி12 குறைஞ்சாலும் தண்டுவடம் கெட்டு கை கால் மரத்து தள்ளாடும், மெட்ஃபார்மின்ங்கிற சுகர் மாத்திரையை வருஷக்கணக்கா சாப்டுறவங்களுக்கு அது குறையும், அதனால அந்த ரத்தப் பரிசோதனையையும் சேத்துப் பாக்கச் சொல்லுங்க, ஆனா அதுக்காக எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப் போடக் கூடாது.

இவ்வளவு பேசுற நானே ஒரு தடவை கோட்டை விட்டிருக்கேன். பல வருஷத்துக்கு முன்னாடி கொட்டான் (ஓலைக் கூடை) பின்ற ஒரு ஆச்சி வந்தாங்க, 58 வயசு இருக்கும். ஓலையை மடிச்சு விடும்போது விரல் சொன்ன பேச்சு கேக்கலைங்கிறாங்க, ரெண்டு கையும் மரத்துப் போகுதுங்கிறாங்க. வருஷம் பூரா விரலால பின்ற வேலை, நானும் மணிக்கட்டுல நரம்பு அழுத்தம்தான்னு முடிவு கட்டி மெழுகு ஒத்தடம், மணிக்கட்டுப் பட்டைன்னு 4 மாசம் ஓட்டிட்டேன். ஒருநாள் கிளம்பும்போது செருப்பு ஒரு கால்ல கழண்டு வாசப்படிலயே கெடக்கு, அவங்க பாட்டுக்கு வெறுங்காலோட போறாங்க, அது கழண்டதே தெரியல. கூப்பிட்டுக் கேட்டா, "காலு பஞ்சு மேல வைக்கிற மாதிரி இருக்குப்பா, அது வயசுக்குன்னு நெனச்சேன்"ங்கிறாங்க. அன்னைக்குத்தான் முதல் தடவையா முட்டில தட்டிப் பாத்தேன், கால் என் மூஞ்சிக்கு வந்துச்சு. எம்.ஆர்.ஐ.ல 5, 6 எலும்பு நடுவுல தண்டுவடம் நூலா நசுங்கியிருந்துச்சு. ஆபரேஷன் பண்ணி நடை நல்லா வந்துருச்சு, விரல் முழுசா வரல, கொட்டான் பின்றதை விட்டுட்டாங்க. அந்த 4 மாசம் நான் தின்னதுதானேன்னு இப்பவும் உறுத்தும். அன்னைலருந்து கை மரத்துப் போகுதுன்னு யாரு வந்தாலும் முதல்ல எந்திரிச்சு நடக்கச் சொல்லித்தான் பாப்பேன்.

அந்த ஆச்சிக்கு வந்தது விழாமலே மெல்ல நசுங்குற வகை, சர்விகல் மைலோபதின்னு பேரு. வலி இல்லாமலே வரும், அதனாலயே வருஷக்கணக்குல தப்பிச்சுப் போகுது. வீட்டுல கவனிக்கக் கூடியது சிலது இருக்கு. பட்டன் போடத் தடுமாறுறது, பேங்க்ல கையெழுத்து ஒத்துப் போகலைன்னு திருப்பி அனுப்புறது, கோலப்பொடி விரல் நடுவுல நிக்காம கொட்டுறது, படி எறங்கும்போது செவுத்தைத் தேடுறது, கண்ணை மூடி மூஞ்சி கழுவும்போது தள்ளாடுறது, தலையைக் குனிஞ்சா முதுகுத் தண்டுல ஷாக் அடிச்ச மாதிரி எறங்குறது. 10 செகண்ட்ல கையை முழுசா மூடி மூடித் திறக்கச் சொல்லி எண்ணுங்க, நல்ல கைக்கு 20 தடவை வரும், வேகம் வராம விரல் பாதிலயே நின்னா சந்தேகம்தான். அஞ்சு விரலையும் ஒட்டி நீட்டச் சொன்னா சுண்டுவிரல் மட்டும் தானா விலகிப் போகுதான்னும் பாக்கலாம். டாக்டர் நடுவிரல் நகத்தைச் சுண்டி கட்டைவிரல் மடங்குதான்னு பாப்பாரு, உள்ளங்கால்ல கீறி பெருவிரல் மேல எழுதான்னு பாப்பாரு. உள்ளங்கால் சோதனை மேல எனக்கு நம்பிக்கை அதிகம், நடுவிரல் சோதனை நல்லா இருக்குற சிலருக்கும் வரும், அதை மட்டும் வச்சு பயப்பட வேண்டாம். இந்தச் சோதனை எல்லாம் மெல்ல வர்றவங்களுக்குத்தான், நேத்து விழுந்தவரை எந்திரிக்க வச்சு நடக்கவிட்டுப் பாக்காதீங்க. இன்னொரு பொறி, கால் தள்ளாடுதுன்னு இடுப்புக்கு மட்டும் எம்.ஆர்.ஐ. எடுத்து, அங்கயும் தேய்மானம் தெரிய, அதுக்கே வைத்தியம் நடக்கும். கழுத்தை யாரும் தேட மாட்டாங்க.

எந்த எடத்துல அடிங்கிறதையும் கையே ஓரளவு சொல்லும். தோளைத் தூக்குறதும் முழங்கையை மடக்குறதும் கழுத்துலருந்து வர்ற 5ஆம் நரம்பு, மணிக்கட்டை மேல தூக்குறது 6, முழங்கையை நீட்டுறது 7, விரலை மடக்குறது 8. மூச்சுக்கான உதரவிதான நரம்பு 3, 4, 5ல இருந்து வருது, அதனால மேல அடி பட்டா மூச்சே நின்னுரலாம்.

சுளுக்கு எடுக்கச் சொன்ன ஆச்சிகிட்ட கும்பிட்டுச் சொல்லிருங்க, இப்ப வேணாம்னு. சலூன்ல தலையைத் திருகிச் சொடக்கு எடுக்குறது, எண்ணெய் போட்டுக் கழுத்தை நீவுறது, எங்க ஆளுங்க சிலர் படம் எடுக்காமலே டிராக்‌ஷன் மாட்டி இழுக்குறது, எல்லாத்துக்கும் இதே பதில்தான். நான் வைத்தியர்களைக் கொறை சொல்லல, கணுக்கால் சுளுக்குக்கு நானே அனுப்பி வைப்பேன். ஆனா ஏற்கனவே குறுகின குழாய்ல வீங்கிக் கெடக்குற தண்டுவடத்தை இன்னொரு தடவை மடக்கினா, நடந்து போனவர் தூக்கிட்டு வர்ற மாதிரி ஆயிரும்.

இப்ப எது உறுதி இல்லைங்கிறதையும் சொல்லணும். ஏன் காலை விடக் கை மோசமாகுதுன்னா, கைக்குப் போற நரம்பு நார் தண்டுவடத்துல உள்பக்கமா இருக்குன்னு நான் படிச்சப்ப சொல்லிக் குடுத்தாங்க, இப்ப அது அப்படி இல்ல, அந்த நாரே விரல் வேலைக்குத்தான் முக்கியம், அதனாலதான்னு சொல்றாங்க. எது சரியா இருந்தாலும் நோயாளிகிட்ட பாக்குற அடையாளம் மாறல. ஸ்டீராய்டு ஊசி விஷயமும் அப்படித்தான், 1990ல வந்த ஆராய்ச்சிக்கப்புறம் அடிபட்ட எல்லாருக்கும் போட்டாங்க, அப்புறம் பலன் சந்தேகம், கிருமித் தொத்து மாதிரி கெடுதல் உண்டுன்னு பெரும்பாலும் விட்டுட்டாங்க, முதல் 8 மணி நேரத்துக்குள்ளன்னா போடலாமான்னு இன்னும் வாதம் நடக்குது, 9 நாள் ஆனவருக்கு அந்தப் பேச்சே இல்ல. ஆபரேஷன்ல, எலும்பு நகந்து தண்டுவடத்தை அழுத்திட்டிருந்தா 24 மணி நேரத்துக்குள்ள பண்றது நல்லதுங்கிறதுல இப்ப பெருசா கருத்து வேறுபாடு இல்ல. எலும்பு முறியாம, உங்க அப்பச்சி மாதிரி நடந்துக்கிட்டே இருக்குறவங்களுக்கு எப்பப் பண்ணணும்ங்கிறதுல சர்ஜன்களுக்குள்ளயே ரெண்டு பேச்சு உண்டு. நீங்க போற எடத்துல காத்திருந்து பாப்போம்னு சொன்னாலும் அது அலட்சியம்னு நெனச்சுராதீங்க. தேறுறதுல ஒரு வரிசை உண்டு, கால் முதல்ல, மூத்திரம் அடுத்து, கை அப்புறம், விரல் கடைசில. வயசு கொறைஞ்சவங்க நல்லாத் தேறுவாங்க, 71ல விரல் எவ்வளவு வரும்னு யாராவது இப்பவே அடிச்சுச் சொன்னா நம்பாதீங்க.

நம்ம பக்கத்துல இந்த அடி வேற ரெண்டு வழிலயும் வருது. தை 3ஆம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டு மாதிரி எடத்துல மாடு தூக்கி எறிஞ்சு தலைகுத்த விழுறது, கோடைல ஊருணில தண்ணி எவ்வளவு கெடக்குன்னு பாக்காம பசங்க தலைகீழாப் பாயறது. அங்கல்லாம் ரெண்டு பேர் கக்கத்துல கை குடுத்துத் தூக்கி டூவீலர்ல நடுவுல உக்கார வச்சுக் கொண்டு போறாங்க, நல்ல எண்ணத்துலதான், ஆனா அதுலயே கெடுதல் கூடிப் போயிரலாம். கழுத்தை அசைக்காம, தலைக்கு ரெண்டு பக்கமும் கை வச்சுப் புடிச்சு, பலகை வர்ற வரைக்கும் படுத்த எடத்துலயே இருக்கட்டும், 108க்குச் சொல்லும்போதே கழுத்து அடின்னு சொல்லிருங்க. தென்காசி பக்கம் ஆய்க்குடில மாற்றுத்திறனாளிகளுக்கு மறுவாழ்வு குடுக்குற அமர் சேவா சங்கத்தை ஆரம்பிச்ச எஸ். ராமகிருஷ்ணனுக்கு 1975ல கடற்படை ஆள் எடுப்புல குதிச்சு விழுந்தப்ப பட்டது இந்தக் கழுத்து அடிதான், கழுத்துக்குக் கீழ செயல்படாமப் போச்சு, அந்த உடம்போட 1981ல அதை ஆரம்பிச்சாரு. கதையை ஆறுதலுக்குச் சொல்லல, உங்க அப்பச்சிக்கு அவ்வளவு பெரிய அடி இல்ல. பின்னாடி பிசியோ, மறுவாழ்வுன்னு தேவைப்பட்டா அந்த மாதிரி எடம் தமிழ்நாட்டுல இருக்குங்கிறதுக்காகச் சொன்னேன்.

இப்ப நீங்க பண்ண வேண்டியது. வீட்டுல யாரு கூட இருக்காங்களோ அவங்களுக்கு ஃபோன் போட்டு முதல்ல ஒண்ணு கேளுங்க, இன்னைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனாரு, சொட்டுச் சொட்டாப் போகுதா, அடிவயிறு உப்பி இருக்கான்னு. அது கட்டியிருந்தாலோ, மூச்சு விடக் கஷ்டமா இருந்தாலோ, கால் பலம் நேத்தைக்கு இன்னைக்குக் கொறைஞ்சிருந்தாலோ, காலைல போகலாம்னு இருக்க வேணாம், ராத்திரியே கிளம்பணும். அது எதுவும் இல்லைன்னாலும் நாளைக்குக் காலைல கழுத்துக் காலர் போட்டு, சீட்டை நல்லா சாய்ச்சு, நிதானமா ஓட்டச் சொல்லி, நியூரோ சர்ஜனும் எம்.ஆர்.ஐ.யும் ஒரே எடத்துல இருக்குற மதுரைக்கோ திருச்சிக்கோ கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. காலரைப் போட்டதும் சரியாயிருச்சுன்னு திரும்பிராம, கழுத்துக்கு எம்.ஆர்.ஐ.ன்னு வாய் விட்டே கேக்கச் சொல்லுங்க, பேஸ்மேக்கர் மாதிரி ஏதாவது இருந்தா முன்னாடியே சொல்லிரணும். பழைய எக்ஸ்ரே, சுகர் மாத்திரைச் சீட்டு, முக்கியமா ரத்தம் கட்டாம இருக்க ஈகோஸ்பிரின் மாதிரி ஏதாவது சாப்டுறாரான்னு பாத்து அந்த அட்டையையும் கையோட எடுத்துக்கணும், ஆபரேஷன்னு வந்தா அங்க முதல்ல கேக்குறது அதைத்தான். உள்ளங்கை எரியுதுன்னு வெந்நீர் ஒத்தடம் குடுக்குறதா எழுதியிருந்தீங்க, அதை இன்னைக்கே நிறுத்திருங்க, மரத்த கைல சூடு தெரியாது, கொப்புளம் வந்துரும்.